மேல் டிவிஷன் நேயர்களுக்காக

கலஹாவிலும் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களிலும் ஜனார்த்தனனின் குரலைக் கேட்காதவர் கிடையாது. தேர்த் திருவிழா, கல்யாணம், தேர்தல் கூட்டம், எதுவானாலும் அவருடைய சவுண்ட் சேர்விஸ்தான். ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார அவருக்கு வராது. தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த நேயர்களே" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தி போட்டாயிற்று, சாப்பிட வாருங்கள் என்று சொல்லவே அவருக்குக் கால்மணி நேரம் வேண்டும். "இந்த மனுசனுக்கு ரேடியோவுல வேலை கெடைச்சிருந்தா, கேக்குறவன்லாம் பெட்டிய ஒடைச்சிருப்பான்" என்று அவர் மனைவி இராஜேஸ்வரி ஊரெல்லாம் சொல்வாள். சொல்லிவிட்டு, அவர் பேசும்போது முதல் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

அப்படிப்பட்ட மனிதர் தோட்டப் பாடசாலையின் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் கடைசியில் அடித்த புயலில் மலை சரிந்திருந்தது. தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கும் மேல் டிவிஷனுக்கும் நடுவே ஓடுகிற ஆறு பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. மேல் டிவிஷனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் தெரிந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ் டிவிஷனின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் எல்லோரும் பாடசாலைக்கு ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். மேலே இருந்தவர்களின் கதி யாருக்கும் தெரியவில்லை. பனி விலகும் வேளைகளில் எதிர் மலையில் இருக்கும், கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்திலிருந்து புகை வருவது தெரியும். யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அது யார், எத்தனை பேர்? கத்திப் பார்த்தார்கள். ஆற்றின் இரைச்சல் எல்லாக் குரலையும் விழுங்கிவிட்டது.

இராஜேஸ்வரி மேல் டிவிஷனில்தான் இருந்தாள். அங்கே அவள் தங்கை குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கப் போனவள், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஜனார்த்தனனுக்கு ஒரு வெட்கமும் இருந்தது. மண் இறங்குகிற சத்தம் கேட்டு எல்லோரும் பிள்ளைகளையும் போர்வைகளையும் தூக்கிக்கொண்டு ஓட, அவர் அம்ப்ளிபயரையும் மைக்கையும் ஒரு ஹோன் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். மாற்றிக்கொள்ள ஒரு சட்டைகூட இல்லை. அவள் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பாள்.

பாடசாலையில் தோட்டத்து ஆட்களோடு வெளியாட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் கொலின் என்ற வயதான வெள்ளைக்காரர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பேராதனையில் இருந்த பட்டாளத்தில் அவருடைய அப்பா வேலை செய்தாராம்; அந்த இடங்களைப் பார்க்க வந்தவர் அப்படியே தேயிலைத் தோட்டமும் பார்ப்போம் என்று மேலே ஏறியிருக்கிறார். மற்றவர் அவரைக் கூட்டிவந்த வேன் டிரைவர், கட்டுகஸ்தோட்டைக்காரர் ஷிஹாப். இரண்டு மண்சரிவுகளுக்கு நடுவே வேன் மாட்டிக்கொள்ள, சேற்றில் நடந்து இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. தகரக் கூரையில் சத்தம் கூடக் கூடப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பெரியவர்களும் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தார்கள். இருட்டுகிற நேரத்தில் மலை கண்ணுக்குத் தெரியாது என்றாலும் பார்த்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த கொலின் இதையெல்லாம் கவனித்துவிட்டு, ஆங்கில ஆசிரியை கிருஷாந்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னாவாம் டீச்சர்?" என்று கேட்டார் சின்னமுத்து. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தம்பி அழகர் மேல் டிவிஷனில் இருந்தார்.

"அவங்க அம்மா லண்டன்ல இருந்தப்ப இப்பிடித்தானாம்" என்றாள் கிருஷாந்தி. "சண்டை நேரம். ராவானா மேல இருந்து குண்டு விழும். எல்லாரும் நெலத்துக்கு அடியில போய்ப் படுத்துக்குவாங்களாம். மேல என்னா சத்தம் கேட்டாலும் நம்மள மாதிரித்தான் நடுங்குவாங்களாம்."

"அப்பொறம்?"

"அப்பொறம் ரேடியோ. காலையில எந்திரிச்ச ஒடனே ஒடம்புக்குப் பயிற்சி சொல்லுவாங்களாம். அதுக்குப் பொறகு சமையல். முட்டை இல்ல, வெண்ணெய் இல்ல, கெடைக்கிறத வச்சு என்னா செய்யலாம்னு. பெக்டரியில வேலை செய்றவங்களுக்குப் பாட்டு. சாயந்தரம் நகைச்சுவை நாடகம். எதிரியையே கோமாளியாக்கிப் பேசுவாங்களாம். இவங்க அம்மாவுக்கு ரேடியோ நெலையத்துலதான் வேலை. நாடகத்துக்குச் சத்தம் போடுற வேலை. கதவு தெறக்குற சத்தம், குதிரை ஓடுற சத்தம். ஒரு நாள் அந்தக் கட்டடத்து மேலயே குண்டு விழுந்துச்சாம். செய்தி வாசிச்சுக்கிட்டு இருந்தவரு தாள்ல விழுந்த தூசிய ஊதிட்டு மிச்சத்த வாசிச்சாராம்."

கொழுந்து பறிக்கும் வேலாயி வாயில் கையை வைத்தாள். "அடேயப்பா! ஓடலையா அவரு?"

"ஓடலையாம்."

பிறகு சின்னமுத்து மூலைப்பக்கம் திரும்பி, "நம்மகிட்டயும் தான் ரேடியோ நெலையம் இருக்கு. அந்தா, சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார்.

எல்லோரும் ஜனார்த்தனனைப் பார்த்தார்கள்.

"கரண்ட் இல்லையே" என்றார் அவர்.

"வேன் பெட்டரி ஈக்கிது நானா" என்றார் ஷிஹாப். "வேன் இப்போதைக்கு எங்கயும் போகப் போறல்ல. விடிஞ்சதும் கழட்டிட்டு வாறேன்."

ஜனார்த்தனன் கிருஷாந்தியை நிமிர்ந்து பார்த்தார். "சாமான எடுத்துக்கங்க டீச்சர். செட் பண்ணித் தாறேன். பேச மட்டும் சொல்லாதீங்க. என்னால ஏலாது."

அவள் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஷிஹாபும் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் ரவிகுமாரும் பெட்டரியைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஹோனைப் பாடசாலை முற்றத்து மரத்தில் பிள்ளைகள் இருக்கும் பக்கமாகக் கட்டினார்கள். ஜனார்த்தனன் வயர்களை முடிந்து, அம்ப்ளிபயருக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தம் கீச்சிடாமல் சரிசெய்தார். முகம் மட்டும் அதே முகம்தான்.

முதல் நிகழ்ச்சி தேகப்பயிற்சி. கொலின் செய்து காட்ட, கிருஷாந்தி மைக்கில் சொன்னாள். "கை மேலே... கை கீழே... இடுப்பை வளைங்க..." பிள்ளைகள் துள்ளினார்கள். வேலாயி அசையவில்லை. "தெனம் கூடையோட மலை ஏறி எறங்குறவளுக்கு என்னாத்துக்கு எக்சசைஸ்? அந்த வெள்ளைக்கார சேரு ஒரு நாளைக்கு என்கூட வரட்டும், இடுப்பு தானா வளையும்" என்று அவள் சொன்னது மைக்கில் விழுந்து மலையெல்லாம் கேட்டது. கிருஷாந்தி அதைக் கொலினுக்குச் சொன்னதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலாயியைக் கும்பிட்டார். முற்றம் சிரித்தது. மலை சரிந்த பிறகு அந்த இடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அடுத்தது சமையல். கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் புத்த கோயிலான பன்சலையிலிருந்து பையன்கள் தலைச்சுமையாக அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். வெங்காயம் கிடையாது, தேங்காய் கிடையாது. இருப்பதெல்லாம் பருப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் பூண்டும்தான். வேலாயி மைக்கைப் பிடித்தாள்.

"பருப்பு நல்லா வெந்த பொறகு பூண்டத் தட்டிப் போடுங்க..."

"பொறகா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "மொதல்லயே போட்டாத்தான் வாசம் எறங்கும்."

"ஒன் வீட்டுப் பருப்ப நான் தின்னுருக்கேன். வாசத்தப் பத்தி நீ பேசாத!"

அதற்குள் மூன்றாவது ஒருத்தி எழுந்து வந்துவிட்டாள். பூண்டு முதலா, கடைசியா என்ற சண்டை வெகுநேரம் நடந்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மைக் மாறிக்கொண்டே இருந்தது. பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் நிகழ்ச்சி முடிந்தது.

பத்து மணிக்கு மேல் நாடகம். அதைச் சின்னமுத்துவும் ரவிகுமாரும் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். குதிரையில் வந்து பனியில் வழிதவறிப்போன வெள்ளைக்காரத் துரையாகச் சின்னமுத்து, வழியில் அகப்பட்ட கங்காணியாக ரவிகுமார். குதிரை நடக்கும் சத்தத்துக்குக் கொலின் இரண்டு சிரட்டைகளை மேசையில் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டால் உண்மையாகவே குதிரை வந்தது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குதிரை நின்றது.

"ஏ கங்காணி, கொதிரே ஏன் நிக்கிறான்?"

"கொழுந்து நெறை பத்தலங்க தொரை. இன்னிக்கு அதுக்கு அரைப்பேருதான் போட்டிருக்கு. அதான் அரைவழியில நின்னுருச்சு."

நிறை குறைந்தால் அரைப்பேர் என்று அரைநாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போய்ப் பழகிய கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஜனார்த்தனனின் வாயோரம்கூட லேசாக அசைந்தது.

சிரிப்பில் உற்சாகமான கொலின், அடுத்த காட்சிக்காக ஒரு சுளகில் அரிசியைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் மெல்லச் சரித்தார். தகரக் கூரையில் மழை இறங்கியது. காதுக்கு அசல் மழையேதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். ஒரு தாய் எட்டிக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மழை மட்டும் வேணாங்க சேர்" என்றாள் வேலாயி. "அது வெளிய நெறையக் கெடக்கு."

அவள் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கொலினின் முகம் சிவந்துவிட்டது. சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். அப்போது முன்னால் இருந்த ஒரு சிறுமி, "வெயில் செய்யச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். கிருஷாந்தி கேட்டாள். வெயிலுக்கு என்ன சத்தம்? கொலின் யோசித்தார். பிறகு இரண்டு விரல்களை வாயில் வைத்து, விடிந்த பிறகு கூவும் குருவியைப்போல விட்டு விட்டுச் சீட்டியடித்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு குருவியாகி விசிலடிக்க, துரை வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தார். நாடகம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் ஓயவில்லை.

அது தப்பு மேளத்தின் சத்தம். எதிர் மலையிலிருந்து வந்தது. பனி கிழிந்து மடுவம் தெரிந்தது. அதன் முன்னால் சின்னதாக ஆட்கள். ஒருவர் தப்பு அடிக்க, மற்றவர்கள் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குது!" என்று கத்தினான் ரவிகுமார். "நாம பேசுறது அங்க கேட்டிருக்கு! கை தட்டுறானுங்க!"

அதற்குள் ஜனார்த்தனன் எழுந்து ஓடிப்போயிருந்தார். ஐம்பது தாண்டிய கனத்த உடம்போடு மரத்தில் ஏறி, ஹோனின் வாயைத் திருப்பி எதிர் மலைக்கு நேராகக் கட்டினார். இறங்கும்போது முழங்கை உரிந்துவிட்டது. கிருஷாந்தியின் கையிலிருந்து மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"அன்பார்ந்த மேல் டிவிஷன் நேயர்களே! இப்ப நேயர் விருப்பம். இந்த நேரத்துல ஒங்கள விரும்பிக் கேக்குற நேயர்கள்..."

ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் பெயர் சொல்வதுபோல, பாடசாலையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றாம் லயம், கடைசியிலிருக்கும் தொங்கல் வீடு, வேலாயி, அவள் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள். இரண்டாம் லயம்... ஒரு குடும்பத்தையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிர் மலையில் கைகள் ஆடின. அந்தப் பக்கத்து ஆட்களும் தங்கள் சொந்தங்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல்தான் கிடந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் இவர்களுக்கு உறைத்தது.

"இனி நாங்க கேக்குறோம். ஒவ்வொரு வீடாக் கேப்போம். எல்லாரும் நல்லா இருந்தா ஒரு தடவ அடிங்க."

முதல் பெயரைச் சொன்னார். தப்பு ஒரு தடவை அதிர்ந்தது. முற்றத்தில் ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். அடுத்த பெயர். தப்பு. அடுத்தது. தப்பு. பெயர் சொல்லச் சொல்ல ஆட்கள் ஜனார்த்தனனை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். "எங்க மாமா பேரச் சொல்லுங்க", "அக்கா வீட்டக் கேளுங்க அண்ணே". அவர் எல்லாவற்றையும் கேட்டார். தன்னுடையதை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்.

"அழகர்" என்றார். "கோயிலுக்குப் பக்கத்து வீடு. சின்னமுத்து அண்ணனோட தம்பி."

எதிர் மலையில் யாரும் அசையவில்லை.

கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னார். தப்பு வைத்திருந்தவர் கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

சின்னமுத்துவின் தோளில் துரை வேஷத்துக்குப் போட்ட கோட்டு இன்னும் கிடந்தது. அவர் அதை மெல்லக் கழற்றி மடித்து, பக்கத்திலிருந்த மேசையில் வைத்தார். வேலாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொலின் தொப்பியை எடுத்துவிட்டார்.

ஜனார்த்தனன் மைக்கைக் கிருஷாந்தியிடம் நீட்டினார். "போதும் டீச்சர்."

"இன்னும் ஒரு பேர் இருக்கே" என்றாள் அவள்.

"வேணாம். தெரியாமலே இருக்கட்டும்."

சின்னமுத்து அவர் பக்கம் திரும்பினார். "கேளு தம்பி. எனக்கு ஒரு பதில் கெடைச்சிருச்சு. ஒனக்கும் கெடைக்கட்டும். தெரியாமக் கெடக்குறது இத விடக் கொடுமை."

ஜனார்த்தனன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "இராஜேஸ்வரி" என்றார். அடைமொழி எதுவும் இல்லை. "ராஜி... இருக்கியா?"

தப்பு அடிக்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரவிகுமார்தான் பார்த்தான். "அண்ணே, பாருங்க! அங்க பாருங்க!"

மடுவத்துக்கு முன்னால் ஒரு பெண் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தப்புக்காரரிடமிருந்து குச்சியைப் பிடுங்கினாள். ஒரு தடவை அடி என்றுதானே சொன்னார். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தாளமும் இல்லை, கணக்கும் இல்லை. விறகு பிளப்பதுபோல அடித்தாள்.

"அவதான்" என்றார் ஜனார்த்தனன். "வேற யாரு இவ்வளவு மோசமா அடிப்பா?" சொல்லிவிட்டு மைக்கை மூடாமலே ஓவென்று அழுதார். அந்த அழுகை இரண்டு மலைக்கும் கேட்டது.

சாயங்காலம் யாருக்கும் நிகழ்ச்சி நடத்தத் தோன்றவில்லை. சின்னமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் அவரே, "அங்க இருக்கிற புள்ளைங்களும் பயந்துகிட்டுத்தானே இருக்கும்? ஏதாச்சும் பேசுங்க" என்றார். ஜனார்த்தனன் பேசினார். வழி திறக்க ஆட்கள் வேலை செய்கிறார்கள், அரிசி வருகிறது, பயப்படாமல் தூங்குங்கள் என்று நிதானமாகச் சொன்னார். பெட்டரி தீரும்வரை பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அன்று அவர் பேச்சு நீளமாகப் போகிறது என்று யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்துப் பட்டாளத்துப் பையன்களும் கீழ்க் கிராமத்து ஆட்களும் சேர்ந்து ஆற்றுக்குக் குறுக்கே மரம் போட்டு, கயிறு கட்டி, மேல் டிவிஷன் ஆட்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். கொலினும் ஷிஹாபும் அன்றைக்குத்தான் நடந்து பேராதனைக்குப் புறப்பட இருந்தார்கள். ஆட்கள் வந்து சேர்வதைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று கொலின் நின்றுவிட்டார். தங்கை முன்னால் வர, அவளுடைய குழந்தையைச் சேலையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு இராஜேஸ்வரி வந்தாள். உடம்பெல்லாம் சேறு. ஜனார்த்தனன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"ஊருக்கே கேக்குற மாதிரியா ராஜின்னு கூப்புடுவ?" என்றாள். "வீட்டுக்குள்ளயே வெட்கப்பட்டுக் கூப்புடுற பேரு!"

"சாப்புட்டியா?"

"என்னாத்த சாப்புட? அங்க பருப்பும் இல்ல, பூண்டும் இல்ல. ஆனாலும் பூண்டு முந்தியா பிந்தியான்னு நாங்களும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். பசியே தெரியல." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "சின்னமுத்து அண்ணன் எங்க?"

அவர் வகுப்பறை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். இராஜேஸ்வரி குழந்தையோடு போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஜனார்த்தனன் தள்ளி நின்றார்.

"அன்னிக்குத் தப்பு அடிக்கல. என்னா செய்றதுன்னு தெரியாம நின்னோம் அண்ணே. மன்னிச்சுக்கங்க."

"நீங்க என்னா செய்வீங்க தாயி" என்றார் சின்னமுத்து. "எப்பிடிப் போனான்? அத மட்டும் சொல்லு."

"மொதல்ல மண்ணு எறங்கின சத்தம் கேட்டது அவருக்குத்தான். தூங்கிக்கிட்டிருந்த எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மழையில வீடு வீடா ஓடிக் கதவத் தட்டினாரு. மடுவத்துக்குப் போங்க, மடுவத்துக்குப் போங்கன்னு. எங்க கதவத் தட்டி, இந்தப் புள்ளையோட தங்கச்சியக் கைத்தாங்கலாக் கூட்டி வந்து படி ஏத்திவிட்டுட்டு, கடைசி வீட்டுக்குப் போனாரு. அந்த வீட்டு ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. அவரு வரல."

சின்னமுத்து எதிர் மலையைப் பார்த்தார். பிறகு, "அவன் சின்ன வயசுலயும் அப்பிடித்தான். தூங்க மாட்டான், அடுத்தவனையும் தூங்க விட மாட்டான்" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அழுது ஓயும்வரை இராஜேஸ்வரி அசையாமல் இருந்தாள். அதற்குப் பிறகு சேலை முடிச்சை அவிழ்த்து, குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். சின்னமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்து அடித்து மரத்துப்போன இரண்டு கைகளாலும் அதன் தலையைப் பத்திரமாகத் தாங்கிக்கொண்டார்.